மகன் கேட்பது 17 இன்ச்... மலைப்பாதை கேட்பது என்ன?

கேள்வி: "எங்களுடையது 2019 மாடல் ஸ்விஃப்ட் வி.எக்ஸ்.ஐ. ஊர் சின்னமனூர். பூப்பாறை பக்கம் கொஞ்சம் ஏலத்தோட்டம் இருப்பதால் மாதம் இரண்டு முறையாவது போடிமெட்டு ஏறி இறங்குவோம். கார்த்திகை, மார்கழியில் குடும்பத்தோடு சபரிமலைப் பயணமும் உண்டு. இப்போது நான்கு டயரும் தேய்ந்துவிட்டன. பழைய சைஸையே போடலாம் என்கிறேன் நான். கல்லூரி முடித்த மகனோ, 17 இன்ச் அலாய் வீல் போட்டால்தான் ஆச்சு என்கிறான். டயர் கடையில் கேட்டால், 'அருமையா உக்காரும்ணே' என்கிறார்கள். இரண்டு வாரமாக வீட்டில் இதே பஞ்சாயத்து. நீங்கள்தான் தீர்ப்பு சொல்ல வேண்டும்."

இந்தக் கேள்வி சின்னமனூருக்கு மட்டுமானதல்ல. தேனியிலிருந்து கூடலூர் வரைக்கும் கார் வைத்திருக்கிற பாதி வீடுகளில் இந்தப் பேச்சு ஒருமுறையாவது வந்திருக்கும். ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப்புகளின் தடித்த டயர்களைப் பார்த்தே வளர்ந்த பிள்ளைகளுக்கு, சின்ன காரின் ஒல்லி டயர் கண்ணை உறுத்துவது இயல்புதான். தம்பியின் ஆசையில் தப்பில்லை. ஆனால், வீல் 'உட்காருவது' வேறு, அந்த வண்டிக்குப் 'பொருந்துவது' வேறு. கடைக்காரர் சொல்வது முதலாவது. நாம் பார்க்க வேண்டியது இரண்டாவது.

டயர் மேலே என்ன எழுதியிருக்கிறது?

உங்கள் காரின் டயரில் 165/80 R14 85T என்று இருக்கும். 165 என்பது டயரின் அகலம், மில்லி மீட்டரில். 80 என்பது சைடுவாலின் உயரம். அகலத்தில் 80 சதவீதம், அதாவது 132 மி.மீ. 14 என்பது ரிம்மின் விட்டம், இன்ச் கணக்கில். 85 என்பது ஒரு டயர் எவ்வளவு பாரம் தாங்கும் என்பதற்கான குறியீட்டு எண். 85 என்றால் 515 கிலோ. கடைசியில் உள்ள T, அந்த டயர் தாங்கும் வேக எல்லை. மணிக்கு 190 கி.மீ.

நம் ஆட்கள் டயர் கடையில் பேசுவதெல்லாம் ரிம் அளவை மட்டும்தான். 'பதினாலா, பதினஞ்சா' என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. ஆனால், காருக்கு முதலில் தெரிவது ரிம் அல்ல; டயரோடு சேர்ந்த மொத்த உயரம்தான்.

உயரம் மாறக் கூடாது!

கணக்கு எளிது. ரிம் இன்ச்சை 25.4 ஆல் பெருக்குங்கள். அதோடு சைடுவால் உயரத்தை இரண்டு முறை கூட்டுங்கள். மேலே ஒரு சுவர், கீழே ஒரு சுவர்.

உங்கள் 165/80 R14 டயருக்கு: 355.6 + 132 + 132 = சுமார் 620 மி.மீ.

இதே ஸ்விஃப்ட்டின் இசட்.எக்ஸ்.ஐ. வேரியன்ட்டில் 15 இன்ச் வீல் வருகிறது. அதன் டயர் 185/65 R15. கணக்குப் போட்டால் 381 + 120.25 + 120.25 = சுமார் 621.5 மி.மீ. ரிம் ஒரு இன்ச் கூடியிருக்கிறது. மொத்த உயரம் இரண்டு மில்லி மீட்டர்தான் கூடியிருக்கிறது. கம்பெனி இன்ஜினீயர்கள் ரிம்மைப் பெரிதாக்கும்போது சைடுவாலைக் குறைத்து, உயரத்தை அப்படியே வைத்திருக்கிறார்கள். அப்சைஸ் செய்வதன் அரிச்சுவடி இதுதான்.

ஏன் இவ்வளவு பிடிவாதம்? கியர்பாக்ஸ், ஸ்பீடோமீட்டர், பிரேக் எல்லாமே அந்த உயரத்தை நம்பித்தான் அமைக்கப்படுகின்றன. 'கொஞ்சம் பெருசாத்தான் இருக்கட்டுமே' என்று உங்கள் காருக்கு 195/65 R15 போட்டால் உயரம் 634.5 மி.மீ. ஆகிவிடும், ஏறக்குறைய 2.4 சதவீதம் அதிகம். மீட்டர் 80 காட்டும்போது வண்டி முன்பைவிடக் கூடுதலாக ஓடும். மீட்டரில் 80 என்பது இனி 82-க்குச் சமம். பைபாஸில் இது பெரிய விஷயமாகத் தெரியாது. மலையில் தெரியும். ஏற்றத்தில் இரண்டாவது கியரில் இழுத்த இடத்தில் வண்டி திணறி முதல் கியர் கேட்கும். இறக்கத்தில் இன்ஜின் பிடித்து நிறுத்தும் வேகமும் கொஞ்சம் கூடிவிடும். அந்த மிச்சத்தை பிரேக்தான் சுமக்க வேண்டும்.

மொத்த உயரத்தில் 3 சதவீதத்துக்கு மேல் மாறக் கூடாது என்பது பொதுவாகச் சொல்லப்படும் எல்லை. அடிக்கடி மலை ஏறி இறங்கும் வண்டிக்கு ஒன்றரை சதவீதத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள் என்பேன்.

உயரம் சரி... சுவர் எங்கே?

உங்கள் மகன் விவரமானவர் என்றால், இந்த இடத்தில் மடக்குவார்: "உயரம்தானே பிரச்னை? 17 இன்ச்சில் 205/45 போட்டால் உயரம் 616 மி.மீ. சரியாகத்தானே வருகிறது?"

கணக்கு சரி. ஆனால், அந்த உயரத்துக்குள் ரப்பர் எவ்வளவு, உலோகம் எவ்வளவு என்று பாருங்கள். 14 இன்ச்சில் சைடுவால் 132 மி.மீ. 15 இன்ச்சில் 120. 16 இன்ச்சில் 195/55 போட்டால் 107. 17 இன்ச்சில் 205/45 என்றால் வெறும் 92. ரிம்முக்கும் ரோட்டுக்கும் நடுவே இருந்த மெத்தையில் 40 மி.மீ. போய்விட்டது.

அந்த மெத்தைதான் பள்ளத்தில் இறங்கும்போது நசுங்கி அடியை வாங்கிக்கொள்கிறது. மழைக்காலம் முடிந்த மலைச்சாலையில், வளைவின் உள்பக்கம் தார் பெயர்ந்து கிடக்கும் இடங்கள் உங்களுக்கு மனப்பாடமாக இருக்கும். எதிரே பஸ் வந்தால், ஒதுங்குகிற இடத்தில் ரோட்டின் விளிம்பு கத்தி மாதிரி நிற்கும். 132 மி.மீ. சுவர் அதைத் தாண்டிவிடும். 92 மி.மீ. சுவர், ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவே சிக்கிக் கிள்ளுப்படும். உள்ளே இருக்கும் நூல் அறுந்தால் டயரின் பக்கவாட்டில் கொழுக்கட்டை மாதிரி புடைப்பு வரும். பக்கவாட்டில் அடிபட்ட டயருக்குப் பஞ்சர் கடையில் வைத்தியம் கிடையாது, தூக்கிப்போட வேண்டியதுதான்.

ரிம்முக்கும் இதே கதைதான். ஸ்டீல் ரிம் வளைந்தால், தட்டி பெண்டு எடுத்து அன்றே ஊர் வந்து சேரலாம். அலாய் அடி தாங்காமல் விரிசல் விட்டால், இரவு ஒன்பது மணிக்கு பூப்பாறை ரோட்டில் என்ன செய்வீர்கள்?

இன்னொரு கணக்கும் இருக்கிறது. 205/45 R17 டயரில் சாதாரண ரகத்தின் பாரக் குறியீடு 84. அதாவது 500 கிலோ. உங்கள் பழைய டயரின் 515 கிலோவைவிடக் குறைவு. பார்வைக்கு அகலமாக, பலசாலி மாதிரி இருக்கும் டயர், சுமக்கும் சக்தியில் ஒல்லி டயரிடம் தோற்கிறது. இந்த அளவிலேயே 'எக்ஸ்.எல்.' என்ற கூடுதல் பார ரகமும் உண்டு. ஆனால், கடையில் கேட்டு வாங்குகிறவர்கள் எத்தனை பேர்? பழைய டயரின் பார எண்ணைவிடக் குறைந்த எண் உள்ள டயரை எந்தக் காரணத்துக்காகவும் போடாதீர்கள். ஐந்து பேர், டிக்கி நிறைய சாமான் என்று இறக்கத்தில் பிரேக் பிடிக்கும்போது, பாரம் முன்னால் சாய்ந்து முன் டயர்கள் இரண்டின் மேலும்தான் உட்காருகிறது.

கடை வாசலில் உரசாது, வளைவில் உரசும்!

'ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் ஒடிச்சுப் பாத்தாச்சுண்ணே, எங்கேயும் தட்டல' என்று கடையில் சொல்வார்கள். பொய் அல்ல. ஆனால், அப்போது வண்டி காலி. தரை சமம். வேகம் இல்லை.

மேகமலைக்கு ஏறும் ரோட்டின் கொண்டை ஊசி வளைவு ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். ஐந்து பேர் உள்ளே. ஸ்டீயரிங் முழுவதும் ஒடித்திருக்கிறது. வண்டி ஒரு பக்கம் சாய, அந்தப் பக்கத்து ஸ்பிரிங் அமுங்கி, வீல் மேலே ஏறி வீல் ஆர்ச்சுக்குள் நுழைகிறது. நடுவில் ஒரு பள்ளமும் வந்தால் இன்னும் மேலே ஏறும். டயர் 30 மி.மீ. அகலம் கூடியிருந்தால், உள்ளே 15, வெளியே 15 கூடியிருக்கும். உரசல் தொடங்குவது இங்கேதான். வெளிப்பக்கம் உரசினால் சத்தம் கேட்கும். உள்பக்கம் சஸ்பென்ஷன் பாகத்திலோ, உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் லைனரிலோ உரசினால் பல நாள் தெரியாது. டயரைக் கழற்றும்போதுதான் உள்சுவரில் வட்டமாகத் தேய்ந்த கோடு தெரியும். அப்படித் தேய்ந்த டயரோடுதான் அத்தனை நாளும் குடும்பம் மலை இறங்கியிருக்கும்.

ஆகவே, எந்த அளவு மாற்றினாலும் பணத்தை முழுதாகக் கொடுக்கும் முன், நாலு பேரை ஏற்றிக்கொண்டு ஒரு வேகத்தடையில் மெதுவாக, ஸ்டீயரிங்கை ஒடித்தபடி ஏறி இறங்கிப் பாருங்கள். இரண்டு பக்கமும். ஜீப்புக்கு இந்தக் கவலை குறைவு. அதன் வீல் ஆர்ச் அகலம். சின்ன காரில் அந்த இடம் விரல் கணக்கில்தான் இருக்கிறது.

வீல் வாங்கும்போது நான்கு கேள்விகள்

டயரைப் போலவே வீலுக்கும் கணக்கு இருக்கிறது. கடையில் இந்த நான்கையும் கேளுங்கள்.

பி.சி.டி.: போல்ட்டுகள் அமைந்திருக்கும் வட்டத்தின் அளவு. இன்றைய சின்ன கார்கள் பலவற்றில் நான்கு போல்ட், 100 மி.மீ. வட்டம். மாருதி 800 போன்ற பழைய வண்டிகளில் 114.3 மி.மீ. 2015-ல் வந்த ரெனோ க்விட்டில் மூன்றே நட்டுகள்தான். பி.சி.டி. துல்லியமாகப் பொருந்த வேண்டும். 'கொஞ்சம் இழுத்து முடுக்கினா சேந்துரும்' என்றால் அந்த வீலே வேண்டாம்.

ஆஃப்செட்: வீல் எவ்வளவு உள்ளே, எவ்வளவு வெளியே நிற்கும் என்பதைச் சொல்லும் எண். பெரும்பாலும் வீலின் பின்பக்கம் 'ஈ.டி.' என்ற எழுத்துகளோடு இருக்கும். எண் குறைந்தால் வீல் வெளியே தள்ளி நிற்கும். பார்க்க கம்பீரம்தான். ஆனால், வீல் பேரிங்குக்குச் சுமை கூடும்; ஸ்டீயரிங் இழுக்கும்; சேறு கதவு வரைக்கும் தெறிக்கும். பழைய வீலின் எண்ணுக்கு மிக நெருக்கமாக எடுங்கள்.

நடு ஓட்டை: வீலின் மையத் துளை, ஹப்பின் மேல் கச்சிதமாக உட்கார வேண்டும். துளை பெரிதாக இருந்தால், இடைவெளியை நிரப்ப வளையம் கேட்டு வாங்குங்கள். இல்லாவிட்டால் 80-ஐத் தாண்டியதும் ஸ்டீயரிங் நடுங்கும். அலைன்மென்ட், பேலன்ஸிங் எத்தனை முறை செய்தாலும் போகாது.

ரிம் அகலமும் நட்டும்: 185/65 டயருக்கு 5 முதல் 6.5 இன்ச் வரை அகலமுள்ள ரிம் போதும். இதற்கு வெளியே போனால் டயரின் வயிறு பிதுங்கும், அல்லது இழுபடும். நட்டுகளின் மரையும் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். மாருதியின் மரையும் ஹூண்டாயின் மரையும் ஒன்றல்ல. தவறான நட் பாதி தூரம் இறங்கி இறுகினதுபோல நடிக்கும். புது வீல் போட்டு 50, 100 கி.மீ. ஓடியதும் நட்டுகளை ஒருமுறை மறுபடி முடுக்கிப் பாருங்கள்.

'கிரவுண்ட் கிளியரன்ஸ் ஏறுமா?'

தோட்டத்துப் பாதையில் அடி தட்டுகிறது, பெரிய டயர் போட்டால் வண்டி உயருமா என்பது இந்தப் பள்ளத்தாக்கில் இருந்து வரும் அடுத்த கேள்வி. உயரும், ஆனால், டயர் எவ்வளவு உயர்கிறதோ அதில் பாதிதான். ஸ்விஃப்ட்டில் 14-லிருந்து 15-க்கு மாறினால் கிடைப்பது ஒரு மில்லி மீட்டர். 10 மி.மீ. வேண்டுமென்றால் டயர் 20 மி.மீ. உயர வேண்டும்; அது 3 சதவீதத்தைத் தாண்டிவிடும். பத்து மில்லி மீட்டருக்காக கியர், பிரேக், வீல் ஆர்ச் மூன்றையும் பகைத்துக்கொள்ள வேண்டாம். தேய்ந்துபோன சஸ்பென்ஷனைச் சரிசெய்தால், இறங்கிப்போன வண்டி தானாகவே பழைய உயரத்துக்கு வந்துவிடும்.

மற்ற சின்ன கார்களுக்கு?

2019-ல் வந்த வேகன்-ஆரின் ஆரம்ப வேரியன்ட்டில் 155/80 R13. மேல் வேரியன்ட்டுகளில் 165/70 R14. உயரம் 578-லிருந்து 587 மி.மீ. ஆகிறது; ஒன்றரை சதவீதம். கம்பெனியே கொடுத்திருப்பதால் தைரியமாக மாறலாம். கிராண்ட் ஐ10 நியோஸில் 165/70 R14, மேல் வேரியன்ட்டில் 175/60 R15. வித்தியாசம் முக்கால் சதவீதம். இதுவும் நல்ல மாற்றம். ஆல்ட்டோ 800-க்கு 145/80 R12 மட்டும்தான். அதற்கு மேல் வேரியன்ட் அளவு என்று ஒன்று இல்லை, அதிலேயே இருங்கள். அதே அளவில் நல்ல கம்பெனி டயர் போட்டாலே வண்டி புதுசு மாதிரி ஓடும்.

எந்தக் காராக இருந்தாலும் வழி ஒன்றுதான்: உங்கள் மாடலின் மேல் வேரியன்ட்டில் கம்பெனி என்ன அளவு கொடுக்கிறதோ, அதுதான் உங்கள் உச்ச வரம்பு.

எல்லை தாண்டும்போது...

சட்டமும் இந்த வரம்புக்குப் பக்கத்தில்தான் நிற்கிறது. ஆர்.சி.யில் உள்ள விவரங்கள், உற்பத்தியாளர் முதலில் குறிப்பிட்டதிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு. கேரளாவிலிருந்து போன வழக்கு ஒன்றில், 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை உறுதி செய்தது. அதே ஆண்டு திருத்தப்பட்ட சட்டத்தில், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று இருக்கிறது. போடிமெட்டும் குமுளியும் கம்பம்மெட்டும் தாண்டினால் கேரளா. வண்டி மாற்றங்களை அங்கே கூர்ந்து பார்ப்பார்கள் என்பது உங்களுக்கே தெரியும். மட்கார்டுக்கு வெளியே துருத்தி நிற்கும் வீலோடு மாலை போட்ட பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு செக்போஸ்ட்டில் நிற்பது யாருக்கும் தேவையில்லை. மேல் வேரியன்ட் அளவு என்றால், கம்பெனி கொடுத்த அளவுதான் என்று காட்டுவதற்காவது ஆதாரம் இருக்கும். அலாய் போட்டால் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் எழுதித் தெரிவித்துவிடுங்கள்.

தீர்ப்பு இதுதான்

அப்பாவுக்கும் வெற்றி, மகனுக்கும் வெற்றி. 17 வேண்டாம். 185/65 R15, பாரக் குறியீடு 88, அதாவது ஒரு டயருக்கு 560 கிலோ. இசட்.எக்ஸ்.ஐ.க்குக் கம்பெனி கொடுக்கும் ஒரிஜினல் 15 இன்ச் அலாய், அல்லது அதே பி.சி.டி., அதே ஆஃப்செட் உள்ள நல்ல தயாரிப்பு. தம்பிக்கு அலாய் கிடைத்துவிட்டது. உங்களுக்கு 120 மி.மீ. சுவர் மிச்சமிருக்கிறது. பழைய 14 இன்ச் வீல்களில் நல்லதாக ஒன்றை ஸ்டெப்னியாக வைத்துக்கொள்ளுங்கள். உயரம் ஏறக்குறைய ஒன்று என்பதால், மெதுவாக ஓட்டி பஞ்சர் கடை வரை வந்துவிடலாம்.

பட்ஜெட் இடிக்கிறது, தோட்டத்துப் பாதை ரொம்ப மோசம் என்றால், யோசிக்கவே வேண்டாம்: பழைய 165/80 R14 போல மலைக்குத் தோதான டயர் வேறில்லை. மிச்சமாகும் பணத்தில் பிரேக் பேடும் ஷாக் அப்ஸார்பரும் பார்த்துவிடலாம்.

டயரை இறக்கும்போது மூன்று விஷயங்கள் பாருங்கள்.

1. டயர் சுவரில் நான்கு இலக்க எண் இருக்கும். 2324 என்றால் 2024-ம் ஆண்டின் 23-வது வாரம் தயாரானது. பல வருடம் குடோனில் கிடந்த டயரை 'ஆஃபர்' என்று தள்ளினால் வாங்காதீர்கள்.

2. காற்றழுத்தம் எவ்வளவு என்பது டிரைவர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் இருக்கும். ஆள் நிறைய ஏறும்போது வைக்க வேண்டிய அளவு தனியாக இருந்தால், மலைக்குப் போகும் நாளில் அதை வையுங்கள். காலையில், டயர் ஆறியிருக்கும்போதுதான் பார்க்க வேண்டும். குமுளி இறங்கி லோயர்கேம்ப் வந்ததும் அழுத்தம் கூடியிருக்கும்; அது சூட்டினால் கூடியது. காற்றை இறக்கிவிடாதீர்கள்.

3. டயரின் பள்ளம் 1.6 மி.மீ.க்குக் கீழே போகக் கூடாது என்பது சட்டம். மழைக்காலத்தில் மலை ஏறுபவர்கள் 3 மி.மீ.யிலேயே மாற்றிவிடுவது நல்லது.

சீசன் நேரத்தில் சபரிமலை வண்டிகளை கம்பம்மெட்டு வழியாக ஏற்றி, குமுளி வழியாக இறக்கிவிடுவார்கள். ஏறும்போது ஆசை பேசும். இறங்கும்போது டயர்தான் பேசும். தம்பியிடம் 92 மி.மீ., 120 மி.மீ. என்ற அந்த இரண்டு எண்களை மட்டும் ஒரு ஸ்கேலில் காட்டுங்கள். பஞ்சாயத்து அதோடு முடிந்துவிடும்.

அடுத்த வாரம்: மலை இறங்கும்போது பிரேக்கில் வாடை வருகிறதே, ஏன்?